‘கு’ என்ற ஓர் எழுத்தும் ஒரு விரல்கடை உயரமும்

ஹேமாவுக்கும் தணிகைக்கும்,

ஷெட் வேலையிலிருந்து நின்ற அன்றைக்கு என் சாமான்களை ஒரு சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன் இல்லையா, அதைப் பிரித்தது நீங்கள் இரண்டு பேரும்தான். ஸ்பேனர்கள், சுத்தியல், பழைய காக்கிச் சட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மூங்கில் பட்டை. “இது இன்னா நைனா, எங்கள அடிக்க வாங்கி வெச்சி மறந்துட்டியா?” என்று தணிகை கேட்டான். ஹேமா சிரிக்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயிண்டில் ஒரு பக்கம் ‘வலது’, மறுபக்கம் ‘இடது’. “‘வலது’ உன் எழுத்து. இந்தக் கோணல் மாணல் ‘இடது’ யாருது?” என்றாள்.

அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து பாதியை அவளே சொல்லிவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

வேலை கற்ற கதை பெரிய கதை இல்லை. திருவாலங்காட்டில் எங்கள் அப்பா கரும்பு வெட்டினார். கரும்பு ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகிற டிராக்டர்களில் ஏதாவது ஒன்று தினமும் எங்கள் தெரு முனையில் படுத்துக்கொள்ளும். அதை வேடிக்கை பார்க்கப் போனவன் நான். பிறகு அரக்கோணத்தில் ஒரு லாரி ஷெட்டில் நாலு வருஷம் கிரீஸ் கழுவினேன். எனக்கு வந்தது வண்டியின் பின்பக்கம்தான். ஸ்பிரிங் பட்டை, புஷ், ஆக்சில். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் முழிப்பேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் என்ன சத்தம் வந்தாலும் படுத்துப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் திருத்தணி சித்தூர் ரோட்டில் நர்ஸம்மா ஷெட்டில் சேர்ந்தேன். கடைசி வரைக்கும் அங்கேதான்.

நர்ஸம்மாவின் பெயர் கனகவல்லி. அந்தப் பெயரைச் சொன்னால் சித்தூர் ரோட்டில் யாருக்கும் தெரியாது. ஷெட் அவருடைய வீட்டுக்காரர் போட்டது. அவர் திடீரென்று போய்ச் சேர்ந்ததும், ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை நர்ஸாக இருந்த இந்த அம்மா, வேலையை விட்டுவிட்டு வந்து ஷெட் மேசையில் உட்கார்ந்தார். ஸ்பேனரைக் கையால் தொட மாட்டார். ஆனால் ஆபரேஷன் அறையை எப்படி நடத்தினாரோ அப்படியே ஷெட்டையும் நடத்தினார். வண்டியில் கை வைப்பதற்கு முன்னால், என்ன செய்யப் போகிறோம் என்று அவர் மேசைக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கழற்றின போல்ட் எல்லாம் தட்டில், எண்ணி. முடித்ததும் மறுபடியும் எண்ணி. ஒரு ஸ்பேனர் குறைந்தால்கூட வண்டி வெளியே போகாது. “வயித்துக்குள்ள கத்திரிய வெச்சி தெச்சிட்டா அப்புறம் யாருங்க பொறுப்பு?” என்பார்.

எல்லாரையும் வாங்க, போங்கதான். கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். ‘தயாளன்’ என்று கூப்பிட்டால் சாதாரண நாள். ‘தயாளன் சார்’ என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. ‘ஐயா’ என்றுவிட்டால், மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

முதல் ‘ஐயா’ எனக்குக் கிடைத்தது ஒரு ஜீப்பால். அம்மையார்குப்பத்திலிருந்து சேலைக் கட்டு ஏற்றிப் போகிற ஜீப். பின் ஸ்பிரிங் பட்டையில் நாலு புஷ்ஷும் மாற்றிக் கொடுத்தேன். புஷ் என்றால் வேறொன்றும் இல்லை, இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் நடுவில் உட்காருகிற ரப்பர். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் ரப்பர். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். ஜீப் ஒரே மாதத்தில் திரும்பி வந்தது, நாலு ரப்பரும் கிழிந்து. ரப்பர் மட்டமான ரப்பர் என்றேன். நர்ஸம்மா ஒன்றை அறுக்கச் சொல்லி, பேப்பர் விரித்து மேசைமேல் வைத்தார். பிணத்தை வைத்த மாதிரி இருந்தது.

கிழிசல் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றினாற்போல இருக்கிறதே என்றார். போல்ட்டை முறுக்கும்போது வண்டி எங்கே இருந்தது என்று கேட்டார். ஜாக்கி மேல் என்றேன். சக்கரம்? தொங்கிக்கொண்டு இருந்தது என்றேன்.

தன் கையை மேசைமேல் நீட்டி வைத்தார். “கை ஒடஞ்சவனுக்கு இப்படி நீட்டி வெச்சே மாவுக்கட்டு போட்டுட்டோம்னு வெச்சுக்குங்க. கட்டு இறுகினப்புறம் கைய மடக்கி சோறு துன்னுன்னா?”

அறுத்த ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

“கிழியும் இல்லீங்களா, ஐயா?”

விஷயம் அவ்வளவுதான். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்குகிற நிலையைத்தான் தன் நிலை என்று பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கின நிமிஷமே அது முறுக்கிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் ஏறி இறங்க இறங்க இன்னும் முறுக்கும், கிழியும். அதனால் போல்ட்டைச் சும்மா மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அது தன் காலில் நிற்கும்போது குழிக்குள் இறங்கி இறுக்க வேண்டும். அரக்கோணத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்பேனர் பிடிக்காத ஒரு அம்மா சொன்னார்.

அன்றைக்கு வந்ததுதான் மூங்கில் பட்டை வழக்கம். எந்த வண்டியாக இருந்தாலும், தொடுவதற்கு முன்னால் அது நிற்கிற உயரத்தை அளந்து வைக்க வேண்டும். சக்கரத்தின் நட்டநடுவிலிருந்து மேலே மட்கார்டின் ஓரம் வரைக்கும். காகிதத்தில் எழுதினால் கிரீஸ் தின்றுவிடும். மூங்கிலில் பிளேடால் ஒரு கீறல் போட்டால் அழியாது. வேலை முடிந்து வண்டியை இறக்கினால் அந்தக் கீறலுக்கே வந்து நிற்க வேண்டும். நோயாளி உள்ளே வந்தபோது ஜுரம் எவ்வளவு, போகும்போது எவ்வளவு என்று எழுதுகிற மாதிரி.

இனி அந்தக் காருக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. தணிகை தூளியில், ஹேமாவுக்கு நாலு வயசு. ஒரு வியாழக்கிழமை ஒரு டெம்போ, தரையோடு தரையாக இருந்த ஒரு சிவப்புக் காரை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டது. இரண்டே கதவு. வெளிநாட்டு வண்டி, பழசு, ஆனால் பந்தயத்துக்கு என்று தயார் பண்ணினது. பின்சக்கரம் இரண்டும்தான் வண்டியைத் தள்ளும். அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பெயர் நித்யா, சென்னை, இருபத்தைந்து வயது இருக்கும். திருப்பதி போய்விட்டுத் திரும்பும்போது நகரி தாண்டி ‘படார்’ என்று ஒரு சத்தம், அப்புறம் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றாள்.

அவளுக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் ஓட வேண்டும். பத்து நாள்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு பந்தயக் குழு அவள் ஓட்டுவதைப் பார்க்க வருகிறது. ஓடி முடித்தால் அடுத்த வருஷத்துக்கு அவளை எடுத்துக்கொள்வார்கள். வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஒரு பையன் தயாராக இருக்கிறான். சென்னையில் போன் பண்ணிக் கேட்டதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்களாம்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். லாரியும் ஜீப்பும் பார்த்தவன் நான். நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். பின்சக்கரத்தைத் தாங்குகிற கை இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. எஞ்சினின் சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஆக்சில் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுற்றுகிற இரும்புத் தண்டு. இடப்பக்க ஷாஃப்டின் ஜாயின்ட் உடைந்து கிடந்தது. ஆனால் நோய் அது இல்லை. கைகள் இரண்டும் வண்டியோடு சேருகிற இடத்தில் புஷ் நாலும் வெந்த கத்தரிக்காய் மாதிரி பிய்ந்திருந்தன. சக்கரம் தன் இஷ்டத்துக்கு அலைந்து, அலைந்த சக்கரம் ஜாயின்டைத் தின்றிருக்கிறது.

வெளியே வந்து, பிரேக் பிடித்தால் வண்டி பின்பக்கம் வாலாட்டுமே என்று கேட்டேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“ஆமாங்க. ஆறு மாசமா. எனக்கு ஓட்டத் தெரியலன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.”

அதைக் கேட்டதும், முடியும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மாமன் முனிரத்தினத்தை நகரியிலிருந்து வரச் சொன்னேன். அங்கே அவனுக்கு லேத்துப் பட்டறை, அழுத்துகிற பிரஸ் எல்லாம் இருந்தது. முதலில் மூங்கில் பட்டையைப் பிடித்துக் கீறினேன். இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே கீறல். அப்புறம் சக்கர நடுவில் இருக்கிற பெரிய நட்டு. வண்டி தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்திவிட வேண்டும், தூக்கினபின் சக்கரம் கூடவே சுற்றும். நித்யாவை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஸ்பேனரில் ஆறடிக் குழாயைச் சொருகி நானும் அவனும் தொங்கினோம். நட்டு ‘டக்’ என்று விட்டபோது முனிரத்தினம் குழாயோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். “பாவா, எங்க அக்காவ உனக்குக் குடுத்தது இதுக்குத்தானா?” என்றான்.

ஷாஃப்ட் இரண்டையும் கழற்றினோம். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன். இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். டிஃபரன்ஷியல் பெட்டி நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருந்தது. அதனால் இடப்பக்கத்துக்குக் குட்டை ஷாஃப்ட், வலப்பக்கத்துக்கு நெட்டை ஷாஃப்ட். வித்தியாசம் ஒரு விரல்கடைதான். லாரிக்காரர்கள் நாங்கள் எதையும் குட்டை, நெட்டை என்றுதான் சொல்வோம்.

நித்யா சென்னையில் இரண்டு நாள் அலைந்து, இதே வகை வண்டியிலிருந்து எடுத்த ஒரு ஜோடி ஷாஃப்டும் புது புஷ்களும் மின்சார ரயிலில் கொண்டுவந்தாள். ஷாஃப்டுகளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். பக்கத்தில் இருந்த அம்மா, இது எந்தக் கோயில் வேலும்மா என்று கேட்டாராம்.

எல்லாம் முனிரத்தினம் பட்டறைக்குப் போயிற்று. பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதுசைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே அழுத்தினான். கிரீஸ் தடவினால் சுலபமாகப் போகும், ஆனால் ரப்பரை அரித்துவிடும். ஷாஃப்டுகளைப் பிரித்துக் கழுவி, பழசோடு ஒப்பிட்டுப் பார்த்து, புது கிரீஸ் வைத்து, புது ரப்பர் உறை மாட்டினான். செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து இறக்கினான். ஒரு ஷாஃப்டில் மட்டும் வெள்ளை பெயிண்டில் ஒரே எழுத்து: ‘கு’. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான்.

‘கு’ என்றால் குட்டை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நெட்டைக்குத் தனியாக ‘நெ’ போடாவிட்டால்தான் என்ன, ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஷாஃப்டின் முனை ஜாயின்ட் உள்ளே போகும், வெளியே வரும். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருக்கிற தண்டின் கழுத்துக்குக் கழுத்து அளந்தால் தெரிந்திருக்கும். நான் அளக்கவில்லை. எழுத்து இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். ‘கு’ போட்டதை இடப்பக்கம் மாட்டினேன்.

வண்டி ஸ்டாண்ட் மேல் இருந்தபோது எல்லாம் அழகாக உட்கார்ந்தது. வியாழக்கிழமை காலையில் குழிக்கு மேலே இறக்கி, வண்டி தன் காலில் நிற்கும்போது புஷ் போல்ட்களை இறுக்கினேன். முறைப்படிதான் செய்தேன். அப்புறம் பட்டையைப் பிடித்தேன். வலப்பக்கம் சரியாகக் கீறலில். இடப்பக்கம் கீறலுக்கு மேலே ஒரு விரல்கடை.

வண்டியை அமுக்கி அமுக்கி விட்டேன். முன்னே பின்னே தள்ளிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டே நின்றது. நர்ஸம்மா மேசையிலிருந்து எழுந்து வந்து பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புது ரப்பருங்க. ஓட ஓட உக்காந்துடும்” என்றேன்.

“எத்தன நாள்ல?”

“ரெண்டு நாள்ல.”

“நீங்க சொன்னா சரி” என்று போய்விட்டார். அந்த ஷெட்டில் சேர்ந்து பன்னிரண்டு வருஷத்தில், எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள். அந்தப் பெண் மூன்று மணிக்கு வண்டி எடுக்க வருகிறாள். முடியும் என்று சொன்னவன் நான். அந்த ‘ரெண்டு நாள்’ எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

சாப்பிட வீட்டுக்கு வந்தேன். தட்டில் ரசச் சோறு, இரண்டு வாய் போட்டேன். எதிரே ஹேமா. எப்போதும்போல இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். உங்கள் அம்மாவுக்கு நகரிதான் பிறந்த வீடு, கொஞ்சினாலும் திட்டினாலும் தெலுங்குதான் வரும். அன்றைக்கும் தினமும் சொல்வதையே சொன்னாள்.

“ஏய் பங்காரு, குடி சேத்தோ தினு. எத்தன தடவ சொல்றது? குடி சேயி, குடி சேயி.”

வலது கையால் சாப்பிடு என்று சொல்கிறாள். குடி என்றால் வலது. அந்தச் சொல்லை அந்த வீட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

“சரோஜா, உன் தம்பி வலது பக்கத்துக்கு இன்னான்னு சொல்லுவான்?”

“குடி பக்கம்னு சொல்லுவான். வேற இன்னா சொல்லுவான்? சாப்பாட்டுல கைய வெச்சிகினு கேக்குற கேள்வியப் பாரு.”

கையைக் கழுவினேனா என்று நினைவில்லை. சைக்கிளை எடுத்தேன். ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். மின்சார ரயில் ஒவ்வொரு பெட்டியாகப் போனதை எண்ணிக்கொண்டே நின்றேன். முனிரத்தினம் எழுதின ‘கு’ குட்டை இல்லை, குடி. அப்படியென்றால் நெட்டை ஷாஃப்ட் குட்டைப் பக்கத்தில். சக்கரம் தொங்கும்போது இடம் இருக்கும், உட்கார்ந்துவிடும். தரையில் இறக்கினால் இடம் போதாது, ஜாயின்ட் போய்ப் பெட்டியில் முட்டிக்கொண்டு வண்டியையே தூக்கி நிற்கும். அந்த ஒரு விரல்கடை அதுதான். அந்தப் பொய்யான உயரத்தில்தான் புஷ்ஷையும் இறுக்கியிருக்கிறேன். பந்தய வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் பெட்டி உடையும், இல்லையென்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உள்ளே அந்தப் பெண் இருப்பாள்.

போய்ச் சேர்ந்தபோது அவள் சீக்கிரமே வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு முன்னால் போய் நின்று பானெட்டில் இரண்டு கையையும் வைத்தேன்.

“எறங்குங்கம்மா. நான் தப்பா மாட்டியிருக்கேன். எல்லாம் இந்தக் குடியால வந்தது.”

நித்யா எஞ்சினை நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் நர்ஸம்மாவைப் பார்த்து, “இவரு குடிப்பாருன்னு நீங்க சொல்லவே இல்லயே” என்றாள்.

நர்ஸம்மா எனக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றார். “ஐயா, கொஞ்சம் வாயத் தொறந்து ஊதுங்க.”

ஊதினேன். ரசச் சோற்று வாசனைதான் வந்திருக்கும். அப்புறம்தான் நிதானமாகச் சொன்னேன், குட்டை, நெட்டை, குடி எல்லாம். அவர் போனை எடுத்து நகரிக்குப் போட்டு என் கையில் கொடுத்தார். ‘கு’ என்றால் என்னடா என்று கேட்டேன்.

“குடிதான் பாவா. கழட்டும்போது நான்தான வலப்பக்கம் கழட்டினேன்? தெலுங்குல எழுதினா உனக்குப் படிக்க வராதேன்னு உனக்காவ தமிழ்ல எழுதினேன். இன்னாத்துக்குக் கேக்குற?”

இதற்கு நான் யாரைத் திட்டுவது?

நர்ஸம்மா மேசையில் போய் உட்கார்ந்தார். என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு ஷாஃப்டையும் கழற்றணும், இடப்பக்க ஜாயின்டைத் திறந்து அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கணும், அடிபட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. புஷ் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, மறுபடியும் தரையில் இறக்கி இறுக்கணும். அந்தக் ‘கிடையாது’ என்ற சொல்லைக் கேட்டதும் நித்யா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

எல்லாம் சொல்லி முடித்தபின் நர்ஸம்மா கேட்டார். “அந்த ரெண்டு நாள் எங்கேருந்து வந்துது?”

“பயத்துல வந்துதும்மா.”

தலையை ஆட்டினார். “தெரியலன்னு சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து யோசிச்சிருப்பேனே. போங்க, தயாளன். ஆரம்பிங்க.”

‘தயாளன்’ என்றுதான் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

முனிரத்தினம் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து நாலரைக்கெல்லாம் வந்துவிட்டான். ஜாயின்டைத் திறந்து, கிரீஸை வழித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். உள்விளிம்பில் நகத்தால் கீறினது போல ஒரு கோடு. விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். தடவிக்கொண்டே இருந்தான். “ஒண்ணும் இல்ல பாவா. முட்டியிருக்கு, ஒடைக்கல. ரோட்டுல ஏறாததால தப்பிச்சிது.” மரத்தடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நானே சொன்னேன். அவள் உள்ளே வந்து, கழற்றி வைத்த போல்ட் தட்டைக் கையில் எடுத்து எண்ண ஆரம்பித்தாள். நர்ஸம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது.

இந்தத் தடவை இரண்டு தண்டையும் கழுத்துக்குக் கழுத்து அளந்தோம். நெட்டையில் ‘வலது’ என்று முழுசாக எழுதினேன், குட்டையில் ‘இடது’ என்று முழுசாக எழுதினேன். வெளிச்சம் போவதற்குள் இரண்டும் ஏறிவிட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் குழிக்கு மேலே இறக்கினோம். பட்டையைப் பிடித்தேன். வலப்பக்கம் கீறலில். இடப்பக்கம் கீறலில். நர்ஸம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அப்புறம் நித்யாவை ஸீட்டில் உட்காரச் சொன்னேன். பந்தயத்தில் வண்டி எந்த எடையோடு ஓடுகிறதோ அந்த எடையோடு நிற்கும்போது இறுக்குவதுதான் சரி என்று ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்து வைத்திருந்தேன். குழிக்குள் இறங்கினேன். தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது.

“அண்ணா, நான் காலைல சாப்பிடல. எடை கொறஞ்சிருக்குமே, பரவால்லயா?”

“ரெண்டு இட்லிக்கு ரப்பர் கோச்சிக்காதும்மா.”

“ஆடாம உக்காரணுமா?”

“ஆங், செத்த நேரம். மூச்சு விடலாம்.”

நாலு போல்ட்டும் இறுக்கினேன். அன்றைக்குப் பகலில் மலைப்பாதையில் இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தாள். நான் பக்கத்து ஸீட்டில். கடைசி வளைவில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தாள். வண்டி ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அப்போ எனக்கு ஓட்டத் தெரியும்” என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. நர்ஸம்மா எடுத்தார். ‘உம்’, ‘உம்’ என்று கேட்டுவிட்டு வைத்தார். ஆறாவதாக வந்தாளாம். அந்தக் குழு அவளை எடுத்துக்கொண்டதாம். பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறது என்று அண்ணனிடம் சொல்லச் சொன்னாளாம். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து நித்யாவும் அவளைச் சேர்ந்தவர்களும் புஷ் வேலை என்றால் சித்தூர் ரோட்டுக்குத்தான் வந்தார்கள். கரும்பு டிராக்டருக்குப் பக்கத்தில் பந்தயக் கார் நிற்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

அன்றைக்கு மத்தியானமும் சாப்பிட வந்தேன். ஹேமா இடது கையைத் தட்டில் வைத்தாள், அம்மா வாயைத் திறந்தாள்.

“விடு சரோஜா” என்றேன்.

“நல்லா சொன்ன போ. நாளைக்கி கல்யாண வூட்டுப் பந்தியில இவ எடது கையால துன்னா நாலு பேரு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். இடப்பக்கத்துக்குன்னு செஞ்சத வலப்பக்கம் மாட்டினா இன்னா ஆவும்னு நான் பாத்துட்டு வந்துட்டேன்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

ஹேமா, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ ஒன்றாவது படிக்கும்போது ஒரு லீவு நாளில் ஷெட்டுக்கு வந்தாய். பழைய பட்டை பிளந்துபோய், புதுப் பட்டை சீவி வைத்திருந்தேன். ஒரு பக்கம் ‘வலது’ என்று நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொன்றை நான் எழுதுகிறேன் என்று பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாய். இடது கையால். ‘இ’ பட்டையை நிறைத்துக்கொண்டது, ‘து’வுக்கு இடமில்லாமல் கீழே சரிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம் என்று துணியை எடுத்தேன். நர்ஸம்மா மேசையிலிருந்தே சொன்னார்.

“விடுங்க தயாளன். முழுசா எழுதியிருக்கா இல்ல, அது போதும்.”